சிவப்புச் சீட்டு

12-10-2024, சனி

வந்து சேர்ந்தாயிற்று. சென்னையிலிருந்து கோலாலம்பூர், அங்கிருந்து சீனாவின் செங்டூ, பிறகு மாப்பிள்ளையின் காரில் நாலரை மணி நேரம். வழியில் ஒரு பெட்ரோல் பங்க் கழிப்பறைக்குப் போனேன். கதவே கிடையாது. இடுப்பளவுக்குத் தடுப்புச் சுவர், நீளமாக ஒரே வாய்க்கால், அதன்மேல் வரிசையாகக் குந்தியிருக்கிறார்கள். ஒருவன் சிகரெட் பிடித்தபடி போனில் பேசிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்து விசாரிப்பதுபோலத் தலையை ஆட்டினான். திரும்பி வந்துவிட்டேன். மிச்ச தூரம் முழுக்க அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மங்கை இளைத்திருக்கிறாள். ஏழு வருஷம் கழித்துப் பார்க்கிறேன். விமான நிலையத்தில் காலைத் தொட வந்தாள், கூட்டத்தில் வேண்டாம் என்றேன். பதினெட்டு வயதில் இந்த நாட்டுக்கு மருத்துவம் படிக்க வந்தவள், படித்த கல்லூரியிலேயே வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறாள். அங்கே பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்தவனைக் கல்யாணம் செய்துகொண்டாள். நாங்கள் போகவில்லை. அவன் பெயர் வெய். "வணக்கம் அப்பா, சாப்டீங்களா" என்றான். யாரோ சொல்லிக்கொடுத்து மனப்பாடம் செய்தது.

தோங்யா மலையில் பாதி உயரத்தில் இருக்கும் கிராமத்தில் அவனுடைய அம்மாவின் வீடு. பத்து நாள் இங்கேதான். மலை முழுக்கப் பழைய புத்தர் கோயில்களாம், பார்க்க உலகமே வருகிறதாம். "சுத்திப் பார்த்துட்டுப் போங்கப்பா. அம்மா பேர்ல ஒரு பூஜையும் வைக்கணும்னு அத்தை சொல்றாங்க" என்று மங்கை எழுதியிருந்தாள். சொர்ணம் போய் ஒரு வருஷமும் இரண்டு மாசமும் ஆகிறது. விசாவும் வந்துவிட்டது. வேறென்ன செய்வது, கிளம்பினேன்.

அந்தம்மா வாசலிலேயே நின்றாள். பெயர் ஹூ. குட்டையான உருவம், ரப்பர் பூட்ஸ். கை இரண்டும் வெந்ததுபோல் சிவந்து, நகக்கண் எல்லாம் வெளுத்துப்போயிருந்தது. எனக்கு அந்தக் கை தெரியும். பிளீச்சிங் பவுடரில் ஊறிய கை. என் கையைப் பிடிக்க வந்தாள். நான் கும்பிட்டேன்.

13-10-2024, ஞாயிறு

சாப்பாடு. மேசை நடுவில் ஒரு தட்டு நிறைய முயல் தலை. பல்லோடு. வெய் ஒன்றை எடுத்துத் தாடையைப் பிளந்து நாக்கை உறிஞ்சினான். இன்னொரு கிண்ணத்தில் சோயாக் கட்டி, கறுப்பாக, அடைத்துக்கொண்ட சாக்கடையைக் கம்பி விட்டுக் குத்தினால் வரும் வாடை. புளிக்கவைத்துப் பொரிப்பார்களாம். மங்கை அதை எடுத்துச் சாப்பிட்டாள். சாம்பாரில் முருங்கைக்காய் சக்கையைத் துப்ப அருவருப்புப்பட்ட பெண்.

"அப்பாவுக்காகத் தனியா காய்கறி பண்ணியிருக்காங்க, இது ஒண்ணாவது தொட்டுக்குங்க" என்றாள்.

"எனக்கு வயிறு ஒத்துக்காதும்மா."

புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, நார்த்தங்காய் ஊறுகாய், சின்ன ரைஸ் குக்கர், எல்லாம் கொண்டுவந்திருக்கிறேன். தண்ணீரும் மூடி உடைக்காத பாட்டில்தான். நான் அறைக்குள் தனியாகச் சோறு வடித்துக்கொண்டதை அந்தம்மா கதவருகே நின்று ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுப் போனாள்.

மங்கை அவளை 'மா' என்று கூப்பிடுகிறாள். சீனத்தில் அம்மாவுக்கு அதுதான் சொல்லாம். இருக்கட்டும். எனக்குக் காதில் விழும்போதெல்லாம் குமட்டுகிறது.

14-10-2024, திங்கள்

மலை ஏறினோம். ஏறினோம் என்றால் கம்பிவட வண்டியில். எட்டுப் பேர் போகிற கூண்டில் பதினோரு பேர். எனக்குப் பக்கத்திலிருந்தவர் தொண்டையைக் காறி ஒரு பிளாஸ்டிக் பையில் துப்பி, பையை முடிச்சுப் போட்டு மடியில் வைத்துக்கொண்டார். கண்ணாடிக்கு வெளியே பெரிய பள்ளத்தாக்கு, வெள்ளை வெள்ளையாக மேகம், எல்லாரும் ஆவென்று பார்த்தார்கள். நான் பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேலே பாறையைக் குடைந்து செதுக்கிய புத்தர். தென்னை மர உயரம். எண்ணூறு வருஷப் பழசு என்றாள் மங்கை. பார்க்கவே முடியவில்லை, அவ்வளவு புகை. கைத் தடிமனுக்கு ஊதுபத்தி விற்கிறார்கள், கட்டுக்கட்டாகக் கொளுத்தி இரும்புத் தொட்டியில் எறிகிறார்கள். தொட்டி ஓரமெல்லாம் மெழுகும் எண்ணெயும் வழிந்து, அதில் பூச்சி ஒட்டி, அதன்மேல் கும்பிடுகிறார்கள். ஆறு தந்தமுள்ள வெள்ளை யானைமேல் ஒரு போதிசத்துவர். யானையின் பின்னங்காலைத் தொட்டால் நோய் போகுமாம். தொட்டுத் தொட்டு அந்தக் கால் மட்டும் மினுமினுக்கிறது. முன்னால் நின்றவர் மூக்கைச் சிந்திய கையாலேயே தடவினார். பின்னால் வந்த பெண் அதே இடத்தில் குழந்தையின் நெற்றியை வைத்தாள். முப்பத்தொரு வருஷம் நகராட்சிகளில் சுகாதார ஆய்வாளராக இருந்தவன் நான். எனக்குச் சாமி தெரியவில்லை, நோய் போகிற வழிதான் தெரிந்தது.

குரங்கு ஒன்று என் சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. வெய் சிரித்தான்.

இதையும் எழுதிவிடுகிறேன். இறங்கும் வழியில் மங்கை, "டாய்லெட் போகணும்னா இங்க போங்கப்பா. சுத்தமா இருக்கும். அத்தை வேலை பார்க்கிற இடம்" என்றாள். சாதாரணமாக, அத்தை தபால் ஆபீஸில் இருக்கிறாள் என்பதுபோல. போனேன். சுத்தமாகத்தான் இருந்தது. தொழில் பழக்கம், மூலையில் பார்த்தேன், குழாய்க்குப் பின்புறம் பார்த்தேன், கதவு கீல் அடியில் விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. அதுவும் எரிச்சலாக இருந்தது. வெளியே வந்தால் அந்தம்மா குழாயும் கையுமாக நிற்கிறாள். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. கூட வேலை செய்கிறவர்களிடம் என்னைக் காட்டி ஏதோ சொன்னாள். ஐந்தாறு பேர் கையுறையோடு வந்து நின்று என்னைப் பார்த்துத் தலை குனிந்தார்கள். இவர் எங்கள் சம்பந்தி என்று சொல்லியிருப்பாள்.

துப்புரவுப் பணியாளர்களிடம் நான் ஒருநாளும் கடுமையாக நடந்ததில்லை. அஞ்சலை என்று ஒருத்தி, அவள் பெண் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்தாள். பந்தல் வரைக்கும் போய் மொய்க் கவரைக் கையில் கொடுத்துவிட்டு வந்த ஒரே அதிகாரி நான்தான். சாப்பிடச் சொன்னாள். ஜீப் காத்திருக்கிறது என்றேன். ஒருவருக்கும் மனக்கஷ்டம் இல்லாமல் நடந்துகொள்ள ஒரு முறை இருக்கிறது.

மங்கை கல்யாணச் சேதி சொன்ன அன்று சொர்ணத்திடமும் அதைத்தான் சொன்னேன். சீனாக்காரன் என்பதை ஊரில் எப்படியாவது சொல்லிக்கொள்ளலாம் என்றேன்.

15-10-2024, செவ்வாய்

மழை. வெளியே போகவில்லை. மங்கை, "அம்மா போனைக் கொண்டாரச் சொன்னேனே, எடுத்துட்டு வந்தீங்களா? அதுல அம்மா பேசினது, போட்டோ எல்லாம் இருக்குமே" என்று கேட்டாள். சார்ஜரை மறந்துவிட்டேன், போன் செத்துக் கிடக்கிறது என்றேன். சார்ஜரைக் கொண்டுவரவில்லை என்பது உண்மைதான்.

16-10-2024, புதன்

இதை எழுதப்போவதில்லை.

17-10-2024, வியாழன்

எழுதிவிடுகிறேன். நாற்பது வருஷமாக ஒரு நாள் விடாமல் எழுதுகிறவன், இதற்காக ஒரு பக்கத்தை வெறுமையாக விடுவதா.

நேற்றுக் காலை வயிற்றைப் பிடித்தது. செவ்வாயன்று காலையில் கிளறிய புளிச்சோற்றை மூடிவைத்து நேற்றும் சாப்பிட்டேன். மழை ஈரத்தில் கெட்டிருக்கிறது. அவர்கள் சமைத்ததைச் சாப்பிட்ட மூன்று பேரும் நன்றாக இருக்கிறார்கள். வெய்யும் மங்கையும் சந்தைக்குப் போயிருந்தார்கள். அறையிலிருந்து கழிப்பறைக்கு இருபது அடி இருக்கும். பாதிக்கு மேல் என்னால் போக முடியவில்லை. வேட்டியிலும் தரையிலும் சுவரிலும். அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தம்மா வந்தாள்.

வேண்டாம், போங்கள் என்று தமிழில்தான் கத்தினேன். அவளுக்கு என்ன புரியும். முகத்தைச் சுளிக்கவில்லை, அவசரப்படவும் இல்லை. என்னை ஒரு முக்காலியில் உட்காரவைத்து, கால்மேல் வெந்நீர் ஊற்றினாள். பிறகு தரை. முதலில் அடுப்புச் சாம்பலைத் தூவி அள்ளினாள், அப்புறம் சோப்புத் தண்ணீர், அப்புறம் மருந்துத் தண்ணீரை ஊற்றிப் பத்து நிமிஷம் அப்படியே விட்டாள், கடைசியில்தான் கழுவினாள். முறை சரிதான். நான் எத்தனையோ பயிற்சி வகுப்பில் இதே வரிசையைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், ஒருவரும் அந்தப் பத்து நிமிஷம் பொறுத்ததில்லை.

நன்றி என்று எதுவும் தோன்றவில்லை. தோன்றியதாக எழுதினால் பொய். பார்த்துவிட்டாளே என்றுதான் இருந்தது. இன்று முழுக்க அவள் அறைப்பக்கம் வரும்போதெல்லாம் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். கஞ்சி கொண்டுவந்து வைத்தாள், உப்பில்லாத கஞ்சி. குடித்தேன். வேறு வழியில்லை.

18-10-2024, வெள்ளி

நடக்க முடிகிறது. பூஜைக்கு இன்றுதான் நாள் பார்த்திருந்தார்களாம், மேல் கோயிலுக்குப் போனோம்.

பிரதான மண்டபத்துக்குப் பின்னால் நீளமான ஓர் அறை. இரண்டு பக்கச் சுவரிலும் கூரை வரைக்கும் காகிதச் சீட்டுகள், ஆயிரக்கணக்கில், ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். இடது பக்கம் எல்லாம் மஞ்சள், வலது பக்கம் எல்லாம் சிவப்பு. காற்றே இல்லை. எண்ணெய் விளக்குப் புகை, ஈரக் காகித வாடை, பழத்தட்டில் அழுகிய ஆரஞ்சு. ஒரு துறவி மைக்கில் ஓதிக்கொண்டே இடைக்கிடை கொட்டாவி விட்டார்.

மஞ்சள் சுவரில் மூன்றாவது வரிசையில் ஒரு சீட்டை அந்தம்மா காட்டினாள். மங்கை படித்தாள். "சொர்ணாம்பாள். அம்மா பேரைச் சீன எழுத்துல எழுதினா 'சு-எர்-நா'ன்னு வரும்."

நான் கும்பிட்டேன்.

"இது போன வருஷம் செப்டம்பர்லதான் இந்தப் பக்கம் வந்தது" என்றாள். "அதுக்கு முன்னாடி அந்தப் பக்கம் இருந்தது. சிவப்பு உயிரோட இருக்கறவங்களுக்கு. நோய் தீரணும்னு வைக்கிறது. அம்மாவுக்கு உடம்பு முடியலன்னதும் இவங்கதான் பேர் கேட்டு எழுதி வெச்சாங்க. ஜனவரியிலிருந்து மாசாமாசம் படியேறி வந்து புதுசா மாத்துவாங்க. முழங்கால் வீங்கியிருந்தாலும் வருவாங்க, வண்டியில வந்தா பலிக்காதாம்."

அந்தம்மா ஏதோ கேட்டாள். மங்கை பதில் சொல்லிவிட்டு என்னிடம் திரும்பினாள். "அம்மா போனது ஆகஸ்ட் இருபது. எனக்குத் தெரிஞ்சது முப்பத்தொண்ணு. மாமா பொண்ணு ஒரு வரி அனுப்பினா. அந்தப் பதினோரு நாளும் அம்மா பேர் இங்க சிவப்புலயே இருந்திருக்கு. செத்தவங்க பேரைச் சிவப்புல விட்டா அவங்களால போக முடியாதாம், தவிப்பாங்களாம். அதுக்காக இவங்க அன்னிக்கு இங்க உக்காந்து அழுதாங்க. யாரோட தப்புன்னு தெரியாம தன் தப்புன்னு நெனச்சு அழுதாங்க."

நான் மூன்றாவது வரிசைச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏழு மாசம் தினமும் போன் பண்ணினேம்பா. ஒரு தடவையாவது அம்மா எடுப்பாங்கன்னு. நீங்க சொன்னீங்க, 'அம்மா உன் முகத்தைப் பார்க்க விரும்பல, நீ வந்தா மருந்தை நிறுத்திடுவேங்கறா'ன்னு. அதனாலதான் நான் வரல. அவ்வளவு கோபமா அம்மாவுக்கு?"

கோயில் ஊழியன் ஒருவன் வாளியோடு வந்து பழத்தட்டைக் காலி செய்தான். ஆரஞ்சுச் சாறு என் செருப்பில் தெறித்தது. நான் வெளியே போய்ச் செருப்பைக் கழுவினேன். வெகுநேரம் கழுவினேன்.

19-10-2024, சனி

சொர்ணத்தின் போனை என் பெட்டியிலிருந்து மங்கை எடுத்து, வெய் எங்கிருந்தோ பழைய சார்ஜர் ஒன்றைத் தேடிக் கொண்டுவந்து போட்டிருக்கிறான். மாமனாருக்கு உதவி. காலையில் நான் பல் தேய்த்துவிட்டு வந்தபோது போன் விழித்துக்கொண்டு மேசைமேல் கிடந்தது.

மங்கை முதலில் படங்களைப் பார்த்தாள். பிறகு போன் வந்த பட்டியலைத் திறந்தாள். பிறகு வேறு எதையோ. எனக்குப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை, எங்கே இருக்கும் என்று தெரியும்.

"தடுக்கப்பட்ட எண்கள்னு இருக்கு. ஒரே ஒரு நம்பர். என்னுது" என்றாள். குரல் ஏறவே இல்லை. "முந்நூத்திப் பதினாலு தடவைன்னு காட்டுது."

வெய் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து வெளியே போனான்.

"அம்மாவுக்கு இதெல்லாம் பண்ணத் தெரியாதுப்பா. படம் அனுப்பவே பக்கத்து வீட்டுக்காரங்களைக் கேப்பாங்க."

"நான்தான்" என்றேன்.

"எப்ப?"

"பொங்கல் கழிச்சு."

அவளுக்கு நினைவு வந்துவிட்டது. அவள் முகத்திலேயே தெரிந்தது. 2023 பொங்கலுக்கு மறுநாள்தான் அவள் போன் செய்து, "கொரோனாவுக்கு மூடின எல்லைய திறந்துட்டாங்கப்பா, நாங்க வர்றோம். அத்தையும் வர்றாங்க, சம்பந்தியைப் பார்க்கணுமாம். பதினஞ்சு நாள் கூட இருந்து அம்மாவைப் பார்த்துக்கறேங்கறாங்க" என்றாள். வீட்டில் அப்போது சொர்ணத்தின் தம்பி குடும்பம், என் அக்கா, வருகிறவர்கள் போகிறவர்கள். சொர்ணம் படுக்கையில். இவள் வந்து நடுக்கூடத்தில் உட்காருவாள். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று என் அக்கா கேட்பாள். மங்கை ஒளிக்காமல் மொழிபெயர்ப்பாள்.

"அம்மா என்னைப் பத்திக் கேட்டாங்களா?"

"கேட்டா."

"எத்தனை தடவை?"

"தினமும். மூணு மணியானா கேப்பா. மங்கை பண்ணினாளான்னு."

"நீங்க?"

"இல்லன்னு சொன்னேன்."

மங்கை என்னைப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. மேலுதடு லேசாகத் தூக்கிக்கொண்டது, மூக்கோரம் சுருங்கியது, உடம்பு நாற்காலியில் அரையடி பின்னால் போனது. திறந்த சாக்கடையைத் தாண்டுகிறவர்கள் முகம் அப்படித்தான் போகும். நான் வேலை பார்த்த காலமெல்லாம் என் முகத்திலும் அது இருந்திருக்கும். இன்னொருவர் முகத்தில் என்னைப் பார்த்து அது வந்து இன்றுதான் பார்க்கிறேன்.

பத்து மணிக்கு அவளும் வெய்யும் காரை எடுத்துக்கொண்டு நகரத்துக்குப் போய்விட்டார்கள். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அந்தம்மாவிடம் ஏதோ சொன்னார்கள்.

20-10-2024, ஞாயிறு

வீட்டில் நானும் அந்தம்மாவும்தான். அவளுக்கு எவ்வளவு தெரியும் என்று தெரியவில்லை. சாப்பிடக் கூப்பிட்டாள். முட்டைக்கோஸ், சோறு. உட்கார்ந்து சாப்பிட்டேன். மரத்துப்போகிற மிளகு, நாக்கில் இரண்டு மணி நேரம் ஒன்றும் தெரியவில்லை. கோஸ் ஒழுங்காகக் கழுவியிருந்தாள்.

மேலே கோயிலில் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. காசு கொடுத்தால் யார் வேண்டுமானாலும் அடிக்கலாமாம். நாள் முழுக்க எவனாவது அடிக்கிறான்.

21-10-2024, திங்கள்

வீட்டில் தனியாக இருக்க முடியவில்லை. அவள் வேலைக்குக் கிளம்பியபோது பின்னாலேயே போனேன். படி வழி. எண்ணூறு படி வரை எண்ணினேன், பிறகு விட்டுவிட்டேன். படியெல்லாம் எச்சில், சோளக்கதிர் சக்கை, குரங்குப் பீ. எனக்கு இரண்டு தடவை உட்கார வேண்டியிருந்தது. அவள் ஒவ்வொரு தடவையும் நாலு படி மேலே நின்று காத்திருந்தாள், திரும்பிப் பார்க்காமல்.

சுற்றுலாக் கூட்டம் வந்து போன பிறகு கழிப்பறைக்குள் கால் வைக்க முடியாத நிலை. எப்படித்தான் மனிதர்கள் இப்படி விட்டுவிட்டுப் போகிறார்கள், அதுவும் சாமி கும்பிட்ட கையோடு. அவள் ஒரு மூலையிலிருந்து தொடங்கினாள். சும்மா நின்றுகொண்டிருக்க ஒரு மாதிரி இருந்தது. சுவரில் சாய்த்திருந்த துடைப்பத்தை எடுத்து இழுத்தேன். அழுக்குத் தண்ணீர் அவள் கழுவி முடித்த பக்கமே திரும்பி ஓடியது. வந்து என் கையிலிருந்து துடைப்பத்தை வாங்கிக்கொண்டாள். கோபமாக அல்ல, குழந்தை கையிலிருந்து கத்தியை வாங்குவதுபோல. முப்பத்தொரு வருஷம் இந்த வேலைக்கு மேலாளாக இருந்தேன். எந்தப் பக்கம் சரிவு என்று முதலில் பார்க்க வேண்டும் என்பது தெரியாது.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே போய் வந்தவர்கள் ஒருவர்கூட அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒருத்தி ஈரத்தரையில் நடக்க நேர்ந்ததற்கு அவளைத் திட்டிவிட்டுப் போனாள். மொழி தெரியாவிட்டாலும் திட்டு தெரியும்.

22-10-2024, செவ்வாய்

மங்கை வந்தாள். வெய் வரவில்லை. தூங்கியிருக்க மாட்டாள், கண் வீங்கியிருந்தது. பையிலிருந்து வெள்ளைத் தாளும் பேனாவும் எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"எழுதிக் குடுங்க. என்ன நடந்ததுன்னு."

"எதுக்கு?"

"மாமாவுக்கு அனுப்பணும். சித்திக்கு, பெரியத்தைக்கு, எல்லாருக்கும். பெத்த தாய் சாவுக்கு வராத பொண்ணுன்னு ஒரு வருஷமா அவங்க வாயில நான் இருக்கேன். நான் போன் பண்ணினா எடுக்கறதில்ல. நீங்க ஊருக்குப் போனதும் வேற மாதிரி சொல்லிடுவீங்க. அதனால உங்க கையால வேணும்."

மறுக்கலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அவளால் என்ன செய்ய முடியும். பேனாவை எடுத்தேன். அறிக்கை எழுதிப் பழகிய கை.

நகலை இங்கேயும் எழுதிவைக்கிறேன்.

'நான், சி. வைத்திலிங்கம், ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர், மயிலாடுதுறை, சுயநினைவோடு எழுதிக்கொடுப்பது. 2023 ஜனவரி மாதம் என் மனைவி சொர்ணாம்பாளின் கைப்பேசியில் எங்கள் மகள் மங்கையர்க்கரசியின் எண்ணை நானே தடை செய்தேன். அது என் மனைவிக்குத் தெரியாது. அவளுடைய அம்மா அவளைப் பார்க்க விரும்பவில்லை என்று மகளிடம் சொன்னேன். என் மனைவி அவ்வாறு ஒருபோதும் சொல்லவில்லை. மகள் அழைத்தாளா என்று மனைவி கேட்ட ஒவ்வொரு நாளும் இல்லை என்றேன். மனைவி இறந்த தகவலையும் மகளுக்கு நான் தெரிவிக்கவில்லை. காரணம், மாப்பிள்ளை அயல்நாட்டவர் என்பது.'

மங்கை படித்தாள். கடைசி வரியில் விரலை வைத்தாள்.

"இது காரணம் இல்ல. அடிச்சிட்டு எழுதுங்க."

அடித்தேன். எழுதினேன்.

'காரணம், மாப்பிள்ளையின் தாயார் கழிப்பறை சுத்தம் செய்யும் வேலை பார்ப்பவர். அவர் என் வீட்டுக்கு வந்து என் உறவினர் நடுவில் சம்பந்தியாக உட்காருவதை என்னால் சகிக்க முடியாது என்று நினைத்தேன்.'

"நினைத்தேன்னு போட்டிருக்கீங்க. இப்ப?"

கையெழுத்துப் போட்டுத் தேதி எழுதினேன்.

அந்தம்மா எதிரே உட்கார்ந்து வால்நட் உடைத்துக்கொண்டிருந்தாள். என்ன எழுதுகிறார் என்று கேட்டிருக்க வேண்டும். மங்கை தாளைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியாகச் சீனத்தில் சொன்னாள். நான் எழுந்து போயிருக்கலாம், போகவில்லை. கடைசி வரி வந்தது எனக்கே தெரிந்தது, மங்கையின் குரல் அங்கே தடுக்கியது. அந்தம்மாவின் கையில் சுத்தியல் அப்படியே நின்றது. என்னைப் பார்த்தாள். பிறகு ஒரே ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை இருக்கும்.

"என்ன சொல்றாங்க?" என்றேன். எனக்கும் முதல் தடவையாக 'சொல்றாங்க' என்றுதான் வந்தது.

மங்கை தாளை நாலாக மடித்துப் பையில் வைத்து, பையை மூடி, அப்புறம் சொன்னாள்.

"'இதுக்காகவா'ன்னு கேக்கறாங்க."

23-10-2024, புதன்

வெய் வந்து விமான நிலையத்தில் விட்டான். இறங்கும்போது பெட்டியை எடுத்துக் கொடுத்துவிட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவனுக்குத் தெரிந்த தமிழ் அதற்குப் போதவில்லை.

25-10-2024, வெள்ளி

நேற்று இரவு வந்து சேர்ந்தேன், எழுதவில்லை. வீடு பூட்டிக் கிடந்ததில் ஒரே மக்கல் வாடை. பாத்திரம் கழுவும் தொட்டியில் கரப்பான். நான் எழுதிக்கொடுத்த தாள் எனக்கு முன்னாலேயே ஊருக்கு வந்துவிட்டது. மங்கை படம் பிடித்து எல்லாருக்கும் அனுப்பியிருக்கிறாள்.

காலை பதினோரு மணிக்கு மச்சான் நடேசன் வந்தார். சொர்ணத்தின் ஒரே தம்பி. கதவுக்கு வெளியிலேயே நின்றார். உள்ளே வாருங்கள் என்றேன். வரவில்லை.

"கையெழுத்து உங்களுதுதானே?"

"ஆமா."

"கடைசி ராத்திரி நான்தான் அக்கா பக்கத்துல இருந்தேன். மங்கை எங்கடா, மங்கை எங்கடான்னுது. அவளை மறந்துடுக்கா, அவ உன்னை மறந்துட்டான்னு நான் சொன்னேன். என் வாயால சொன்னேன். நீங்க கட்டில் கால்மாட்டுல நின்னுக்கிட்டிருந்தீங்க."

"ஆமா."

அவர் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இன்னிக்குக் காலையில அவகிட்ட பேசினேன். டிசம்பர்ல வராங்களாம், மூணு பேரும். எங்க வீட்லதான் இருப்பாங்க. சம்பந்தியம்மாவுக்கு மாடி அறையை ஒழிச்சுக் குடுத்துட்டேன்." உள்ளே சுவரைப் பார்த்து, "அக்கா படத்தைக் குடுங்க" என்றார்.

"எதுக்கு?"

"இங்க இருக்க வேணாம்."

கழற்றிக் கொடுத்தேன். மாலையைக்கூட எடுக்காமல் அப்படியே மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

படம் இருந்த இடத்தில் சுவர் வெள்ளையாக, சதுரமாக இருக்கிறது. சுற்றிலும் ஊதுபத்திப் புகையும் விளக்குப் புகையும் படிந்து பழுப்பேறிக் கிடக்கிறது. தினமும் பார்த்த சுவர்தான். இவ்வளவு அழுக்கென்று தெரியாது.